சிஸ்பாறைப் பாதையும் கிப்ளிங்கின் காடும்

காணாமல் போன பாதையைப் பற்றி ஆங்கிலத்தில் ரொம்பப் பிரபலமான கவிதை ஒன்று உண்டு. ருட்யார்ட் கிப்ளிங்கின் 'தி வே த்ரூ த வுட்ஸ்'. 1910ல் வந்த 'ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரீஸ்' புத்தகத்தில் இருக்கிறது. மொத்தமே 25 வரிதான். எழுபது வருஷத்துக்கு முன் மூடப்பட்ட ஒரு சாலை இப்போது காடாகிக் கிடக்கிறது. வனக்காவலன் ஒருவனுக்குத்தான் அந்த இடம் தெரியும். ஆனால் கோடைக்கால அந்தியில் அங்கே போனால் குதிரைக் குளம்படி கேட்கும், பாவாடை உரசுகிற சத்தம் கேட்கும்.

இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது என்றுதான் பொதுவாக இதற்கு உரை சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. கவிதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சாலையை மூடியது மனிதர்கள். அதன்மேல் மரம் நட்டதும் மனிதர்கள். மழையும் வெயிலும் மிச்ச வேலையை முடித்தன, அவ்வளவுதான். அந்த 'அவர்கள்' யார் என்று கிப்ளிங் கடைசிவரை சொல்லவே இல்லை.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது நீலகிரிப் பாதைகளைப் பற்றிப் படித்தபோதுதான்.

1830களில் ஊட்டியிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஒரு மலைப்பாதை வெட்டினார்கள். அவலாஞ்சி வழியாகக் குந்தா மலைகளைத் தாண்டி, சிஸ்பாறைக் கணவாயில் இறங்கி, மலபாருக்குப் போகும். பின்னால் கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழி சாலையானதும் சிஸ்பாறைக்கு ஆள் வருவது நின்றுபோனது. இன்று அந்தப் பக்கம் முக்குருத்தி தேசியப் பூங்கா, வரையாடுகளின் இடம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. கவிதையில் வருகிற மாதிரியே வனக்காவலர்களுக்குத்தான் வழி தெரியும்!

ஆனாலும் வழியில் ஓர் இடத்துக்கு இன்னும் 'பங்கித் தபால்' என்று பெயர். பங்கி என்றால் காவடி. அந்தக் காலத்தில் பார்சல்களைக் காவடியில் தூக்கிப்போன தபாலுக்கு அந்தப் பெயர். தபால் போய்விட்டது, ஓட்டக்காரர்களும் போய்விட்டார்கள், பெயர் மட்டும் மலையில் உட்கார்ந்திருக்கிறது. குளம்படிச் சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, சிஸ்பாறையைக் காடு எடுத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். தோடர்களின் தடங்கள்?

வெள்ளைக்காரர்கள் மலையேறுவதற்கு வெகு காலம் முன்பே தோடர்கள் எருமைகளோடு மந்து விட்டு மந்து போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய புல்வெளியைச் சாகுபடி செய்யாத தரிசு என்று கணக்கு எழுதினார்கள். 1843ல் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம் இங்கே வந்தது. சீகையும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நடவு இன்னும் பெருகியது: தோல் பதனிடச் சீகைப்பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரம். நிழலில் புல் செத்தது, புல் இல்லாத இடத்துக்கு எருமை ஏன் போகும்? தடமும் அழிந்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்தத் தோப்புகளைப் பார்த்து 'என்ன இயற்கை!' என்று போட்டோ எடுக்கிறார்கள். இங்கேதான் கிப்ளிங்கின் 'அவர்கள்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. இங்கே அவர்கள் யார் என்று அரசாங்கக் காகிதங்களிலேயே இருக்கிறது.

தோடர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு, இறந்தவர்கள் போகிற பாதை. மறுவுலகம் மேற்கே இருக்கிறது. அங்கே போகும் வழியில் இன்ன கல், இன்ன ஓடை என்று அடையாளங்கள் உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906ல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். வரைபடத்தில் இல்லாத பாதை, ஆனால் அதன் ஒவ்வொரு கல்லும் நிஜமான கல்.

கிப்ளிங்கின் கவிதை அங்கே பாதையே இல்லை என்று சொல்லி முடிகிறது. முக்குருத்தியில் இப்போது வனத்துறையே சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பார்க்கிறது.