பின்பக்கத்துச் சித்திரங்கள்

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில் எங்கள் வீட்டில் ஒரு சிறு பிரளயம் நடந்தது. பிரளயத்துக்குக் காரணம் மழை அல்ல, நான்தான்.

வாரப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய தொடர்கதை அத்தியாயத்தை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதி முடித்து, பக்கங்களை வரிசையாக அடுக்கி, மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் எழுந்து வந்து எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பக்கங்களில் நாலு பக்கம் குறைகிறது. அதுவும் எந்த நாலு பக்கம்? கதாநாயகி ரயிலடியில் நின்று கடைசி முறையாக விடை பெற்றுக்கொள்ளும் கட்டம்! மேஜைக்கு அடியிலும் மெத்தைக்கு அடியிலும் தேடிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் எங்கள் ஏழு வயதுக் குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வர்ணப் பென்சில்கள், பசைக் கிண்ணம், கத்தரிக்கோல். என் கதாநாயகியின் முதுகிலே ஒரு மயில் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்தின் பின்னால் ஒரு வீடு, அதன் கூரைமேல் வீட்டைவிடப் பெரிய பூனை. மூன்றாவது பக்கத்தில் கோலம். நாலாவது பக்கம் கத்தரிக்கப்பட்டுத் தோரணமாக ஜன்னலில் தொங்கிற்று.

நான் போட்ட கூச்சலை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. குழந்தை அழவில்லை. கையிலிருந்த பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் அவள் எந்தக் காகிதத்தை எடுத்தாலும், மளிகைச் சாமான் கட்டி வந்த தாளானாலும் சரி, போன மாதத்துக் காலண்டர் தாளானாலும் சரி, முதலில் என்னிடம் கொண்டு வந்து நீட்டி, "அப்பா, இது வேண்டாத காகிதமா?" என்று கேட்கத் தொடங்கினாள். வைகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படி அனுமதி கேட்கிறவர்களைச் சமாளிப்பது கஷ்டம்.

அந்த நாட்களில்தான் சார்ல்ஸ் டார்வினின் வீட்டு விவகாரங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவர் என்ற அளவிலேதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். (அவர் அப்படியே சொல்லவில்லை, அது வேறு கதை.) தாடியும் நெற்றிச் சுருக்கமுமாகப் படத்தில் காணப்படும் அந்தப் பெரியவர் பத்துக் குழந்தைகளின் தகப்பனார் என்பதும், உலகத்தைப் புரட்டிய புத்தகத்தைக் குழந்தைகளின் இரைச்சலுக்கு நடுவிலேயே எழுதினார் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். வாசகர்களில் சிலருக்கும் அப்படி இருக்கலாம்.

பீகிள் கப்பலில் ஐந்து வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு 1836-ல் டார்வின் ஊர் திரும்பினார். 1838-ல் அவருக்குக் கல்யாண யோசனை வந்தது. விஞ்ஞானி அல்லவா? ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்வதால் உண்டாகும் லாபம் ஒரு பக்கம், நஷ்டம் மறுபக்கம் என்று ஜாபிதா போட்டார். நஷ்டக் கணக்கில் முக்கியமானது நேரம்: மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது என்றெல்லாம் எழுதினார். லாபக் கணக்கில், வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும், எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல் என்ற பொருளில் ஒரு வாக்கியம்! கடைசியில் லாபமே வென்றது. 1839 ஜனவரி 29-ஆம் தேதி எம்மா வெட்ஜ்வுட் என்னும் தம் உறவுப் பெண்ணையே மணந்தார். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன ஜோசையா வெட்ஜ்வுடின் பேத்தி அவள். பியானோ வாசிப்பதில் தேர்ந்தவள். அந்த ஜாபிதாவை அவள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

1842-ல் அவர்கள் லண்டனை விட்டு, சுமார் 16 மைல் தள்ளி, கென்ட் ஜில்லாவில் டவுன் என்னும் கிராமத்தில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். டார்வின் தம் வாழ்நாளின் பாக்கி நாற்பது வருஷத்தையும் அந்த வீட்டிலேயே கழித்தார். அவருடைய தினசரி ஒழுங்கு கடிகாரம் போன்றது. காலை 8 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேலை; பிறகு கடிதங்கள்; மறுபடி பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை வேலை. அதன் பிறகு தோட்டத்தின் ஓரமாகத் தாமே போடச் செய்த மணல் பாதையில் சுற்றி நடப்பார். உடல் நிலை சரியில்லாத மனிதர். தினம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உழைக்க முடியாது. அந்த மூன்று மணியிலும் பங்கு கேட்கக் குழந்தைகள் வந்தார்கள்.

கத்தரிக்கோல் வேண்டும், கயிறு வேண்டும், குண்டூசி வேண்டும், அடிக்கோல் வேண்டும், சுத்தியல் வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பறைக்குள் நுழைவார்கள். கை வேலைக்கு வேண்டிய சாமான் எல்லாம் அப்பாவின் அறையிலேதானே இருக்கிறது? டார்வின் கோபிக்க மாட்டாராம். பொறுமையாக ஒரு பார்வை பார்ப்பாராம். 'இனி வராமலிருந்தால் நல்லது. இன்று ரொம்பத் தடவை இடைஞ்சல் வந்துவிட்டது' என்று அந்தப் பார்வை சொல்லும் என்று குழந்தைகள் பெரியவர்களான பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அப்பா வேலை செய்கிற வேளையில், நாலு வயதுப் பிள்ளை ஒருவன் ஆறு பென்னி லஞ்சம் தருவதாகச் சொல்லி அவரை விளையாட அழைத்தான் என்பதும் அந்தக் குடும்பத்துக் கதை.

அந்த வீட்டில் விளையாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே சுவர் கிடையாது. பூதக்கண்ணாடியின் முன்னால் உட்கார டார்வின் செய்துகொண்ட சக்கர முக்காலியைக் குழந்தைகள் ஓடமாக வைத்துக்கொண்டு, கழியால் தள்ளிக் கூடத்தில் சவாரி போவார்கள். மாடிப்படியில் சாய்த்துச் சறுக்கி விளையாட மரப்பலகை ஒன்று செய்து கொடுக்கப்பட்டிருந்தது; அது இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. தோட்டத்து வண்டுத் தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று கண்டறிய டார்வின் தம் குழந்தைகளை வழிநெடுகக் காவல் நிறுத்திவைத்து, தேனீ தங்களைக் கடக்கும்போது குரல் கொடுக்கச் சொன்னார். பிற்காலத்தில் மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க எம்மா அவற்றின் முன் பியானோ வாசித்தாள். மகன் பிரான்சிஸ் பஸூன் என்னும் ஊதுகுழலை ஊதினார். புழுக்கள் அசையவில்லை. அந்த முடிவும் 1881-ல் புத்தகத்தில் அச்சேறிற்று.

குழந்தைகளிலே இரண்டாவது, பெண் குழந்தைகளில் மூத்தவள், ஆனி. 1841 மார்ச் 2-ஆம் தேதி பிறந்தவள். அவளுடைய பொழுதுபோக்குகளைத் தகப்பனாரே எழுதிவைத்திருக்கிறார். ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஒத்துப்பார்ப்பாள். ஊர்ப் பெயர்களை அகராதியில் கண்டுபிடித்து, பிறகு படத்திலே தேடுவாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது வர்ணங்களைப் பெயரிட்டு வரிசைப்படுத்திய அப்பாவின் புத்தகம். (பீகிள் கப்பலிலும் டார்வின் அத்தகைய வர்ண அகராதி ஒன்றைக் கொண்டு போயிருந்தார், தாம் கண்ட பிராணிகளின் நிறத்தைச் சரியாகக் குறிக்க அது உதவிற்று.) கையில் அகப்பட்ட எந்தப் பொருளையும் அதில் உள்ள வர்ணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஆனிக்கு மணிக்கணக்காகப் பொழுது போகும். அப்பாவின் தலைமுடியை வாரி வாரி அழகுபடுத்துவதும் அவள் பொறுப்பு. மணல் பாதையில் அவர் வேகமாக நடக்கும்போது, அவள் அவருக்கு முன்னாலே சுற்றிச் சுற்றி நாட்டியமாடிக்கொண்டே போவாள்.

1850-ல் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. 1851 மார்ச் மாதக் கடைசியில் டார்வின் அவளை மால்வெர்ன் என்னும் ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் கல்லி என்பவர் தண்ணீர் வைத்தியம் செய்துவந்தார். டார்வினுக்கே 1849-ல் அதனால் குணம் தெரிந்திருந்தது. குழந்தையை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பியவருக்கு, நிலைமை மோசம் என்று செய்தி வந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி மறுபடி போய்ச் சேர்ந்தார். எம்மா நிறை கர்ப்பிணி. பயணம் செய்ய முடியாது. படுக்கையருகே உட்கார்ந்து டார்வின் மனைவிக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். ஒரு கடிதத்தில் நம்பிக்கை. அடுத்த கடிதத்தில் அது போய்விட்டது. 23-ஆம் தேதி நடுப்பகலில் ஆனி இறந்தாள். வயது பத்து. காசநோயாக இருக்கலாம் என்று இந்நாளில் கருதுகிறார்கள். குழந்தையை அடக்கம் செய்யும் வரையில்கூட டார்வின் தங்கவில்லை. துக்கத்தோடு தனியாக இருந்த எம்மாவிடம் ஓடினார். மே 13-ஆம் தேதி அவளுக்கு ஹோரேஸ் என்னும் ஆண் குழந்தை பிறந்தது.

ஆனி இறந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 30-ஆம் தேதி, டார்வின் அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். நான் மேலே சொன்ன வர்ணப் புத்தகமும் நாட்டியமும் அந்தப் பக்கங்களில் உள்ளவைதாம். பிற்காலத்தில் மறந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதினார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சையே அவர் அதிகம் எடுத்ததில்லையாம். எம்மா ஒரு காரியம் செய்தாள். ஆனியின் எழுத்துப் பெட்டியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். இறகுப் பேனா, கடிதத் தாள், முத்திரை அரக்கு, அவள் தைத்துக்கொண்டிருந்த நூல் வேலை. இவற்றோடு காகிதத்தில் மடித்த ஒரு கொத்துத் தலைமுடி. அந்தப் பெட்டி தலைமுறை தலைமுறையாக வந்து, டார்வினின் எள்ளுப் பேரர் ராண்டல் கெய்ன்ஸ் கையில் கிடைத்தது. அதை வைத்து 2001-ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

இப்பொழுது என் விஷயத்துக்கு வருகிறேன். டார்வினின் புகழ்பெற்ற நூலான 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24-ஆம் தேதி வெளிவந்தது. முதல் பதிப்பு 1,250 பிரதிகள். அதன் கையெழுத்துப் பிரதி இன்று இருந்தால் என்ன விலை போகும்! ஆனால் டார்வின் அதைப் பொருட்படுத்தவே இல்லை. காகித விஷயத்தில் அவர் சிக்கனமானவர். பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவது அவர் வழக்கம். அச்சாகிவிட்ட பக்கங்கள் அவருக்கு வெறும் காகிதம். அறுநூறு பக்கம் போல இருந்த அந்தப் பிரதியில் இன்று மிஞ்சியிருப்பவை சில பத்துப் பக்கங்களே. அவற்றிலும் சில எப்படித் தப்பின தெரியுமா? பின்பக்கத்தில் குழந்தைகள் படம் போட்டிருந்தார்கள்! பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், பூக்கள். ஒரு தாளில் பழப் படைக்கும் காய்கறிப் படைக்கும் நடக்கும் மகா யுத்தம். பிரான்சிஸ் வரைந்தது அது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். படத்துக்காக வீட்டார் தாளைப் பத்திரப்படுத்தினார்கள்; படத்தின் தயவால் விஞ்ஞானம் பிழைத்தது. 2014-ல் இந்தச் சித்திரங்களை உலகம் முழுவதும் பார்க்கும்படி செய்தார்கள்.

ஆனியை இழந்த வீடு அது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சித்திரங்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. படம் போட்ட தாளை ஏன் எறியவில்லை என்று எம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பெட்டியை மூடி வைத்தவளுக்கு, ஒரு குழந்தையின் கை பட்ட எந்தக் காகிதமும் வேண்டாத காகிதம் ஆகாது.

என் தொடர்கதை முடிந்து வெகு நாள் ஆகிறது. அச்சுக்குப் போன பிரதி எதுவும் திரும்பி வரவில்லை, வருவதும் வழக்கமில்லை. அந்த நாலு பக்கங்களை அன்று நான் வேறு தாளில் எழுதித்தான் அனுப்பினேன். ஆகவே அந்தக் கதைக்கு என் கையெழுத்தில் மிஞ்சியிருப்பது ஒரு மயிலும் ஒரு பூனையும் ஒரு கோலமும்தான். தோரணம் இன்னும் ஜன்னலில் தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து என் பழைய நாவல்களின் முதல் வரைவுக் கட்டுகளை இறக்கித் தூசி தட்டிக் குழந்தையின் முன்னால் வைத்தேன்.

"இதெல்லாம் உனக்குத்தான், அம்மா. இனிமேல் என்னைக் கேட்க வேண்டாம்" என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்தாள். எழுதிய பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி எழுதிய பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இதிலே எது வேண்டாத பக்கம்?" என்றாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. நான் மேஜையைத் திறந்து வர்ணப் பென்சில் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.