மாதரி ஆடிய குரவை: ஆய்ச்சியர் குரவையின் வழிபாட்டு இயல்பு குறித்து

சிலப்பதிகாரத்தின் இறுதியில் அமைந்த வரந்தரு காதையில், முற்பிறப்பின் நினைவு வந்து அரற்றிய சிறுமியர் மூவரின் வரலாற்றைச் செங்குட்டுவனுக்கு விளக்கும் மாடல மறையோன், ஆயர் முதுமகளாகிய மாதரியைப் பற்றிச் சொல்லுமிடத்து, அவள் கண்ணகிபால் வைத்த அன்பினையும் அவ்வன்பினால் ஆடிய குரவையினையும் சேர்த்துக் கூறி, அக்குரவையின் பயனாகவே அரவணைக் கிடந்தோனுக்குத் தொண்டு பூண்ட சேடக் குடும்பியின் மகளாக அவள் பிறந்தாள் என்று சொல்லிச் செல்கிறான். காவியம் முடிவை நெருங்கும் வேகத்தில் வரும் இக்குறிப்பை, மறுபிறப்புக் கதைகளில் வழக்கமாகக் காணும் ஒட்டு வார்த்தை என்று எண்ணினார்கள் போலும், ஆய்ச்சியர் குரவையைப் பற்றி எழுதிய அறிஞருட் பெரும்பாலோர் கவனியாது விட்டனர். ஓர் ஆடலுக்கு மறுபிறப்பிலே பலன் உண்டு என்று நூலாசிரியரே தம் பாத்திரத்தின் வாயிலாகக் கூறுவாரானால், அவ்வாடல் எத்தகையது என்ற வினாவை நாம் மீண்டும் எழுப்பியாக வேண்டும்.

இதுவரை செல்வாக்குடன் விளங்கி வந்த கொள்கை, அக்குரவை விருந்தினளின் பொருட்டு நிகழ்ந்த வினோதக் கூத்து என்பது. புதிய ஊரிலே, பிறர் மனையிலே, கணவன் திரும்பி வரும் வழியைப் பார்த்திருக்கும் கண்ணகியின் மனத்தைச் சிறிது நேரம் இன்பத்தில் ஆழ்த்த மாதரி செய்த உபசாரமே அது. இடையிலே வரும் திருமால் துதிகள் முல்லை நிலத்துக்கு உரிய தெய்வத்தைப் பற்றிய அழகிய பாடல்கள். அவற்றுக்கு அப்பால் அங்கே அனுஷ்டானம் எதுவும் இல்லை என்பது இக்கொள்கையின் சாரம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவன இரண்டு: கண்ணகி காணும்படி ஆடுவோம் என்று மாதரி கூறுவது ஒன்று, தாம் ஆடப்போவதை மாயவன் தன் தமையனோடு ஆடிய பாலசரித நாடகங்களுள் ஒன்று என்று அவள் குறிப்பிடுவது மற்றொன்று. வெளிப்படையாகச் சொல்லப்படாத மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு என்பது என் கருத்து. வழிபாட்டு ஆடல் என்றாலே தெய்வம் ஏறி ஆடும் ஆவேச ஆடல் என்ற எண்ணம், வேலன் வெறியாட்டையும் வேட்டுவ வரியின் சாலினியையும் படித்துப் பழகிய நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆய்ச்சியர் குரவையில் மயிர் சிலிர்ப்பவள் இல்லை. நடை தளர்ந்து குறி சொல்பவள் இல்லை. மறியின் குருதியும் இல்லை. ஆகவே அது கலை, வழிபாடு அன்று என்ற முடிவு எளிதிற் பிறந்துவிடுகிறது. இம்மூன்றாவது காரணமே மற்ற இரண்டுக்கும் வலிமை தருவது.

காதையை முதலிலிருந்து பார்ப்போம். பாண்டியன் கோயிலிலே காலை முரசம் ஒலிக்கிறது. இன்று அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை நம்முடையது என்று மகள் ஐயையை அழைத்துக்கொண்டு, கடைகயிறும் மத்துமாக மாதரி வருகிறாள். வந்து பார்த்தால், குடத்திலே பிரை ஊற்றிய பால் தோயவில்லை. இமில் ஏற்றின் கண்களில் நீர் வடிகிறது. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டு மறிகள் துள்ளி ஆடவில்லை. பசுக்கள் நடுங்கிக் கதறுகின்றன. அவற்றின் கழுத்து மணிகள் அற்று விழுகின்றன. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று மும்முறை சொல்கிறாள் முதுமகள். இக்குறிகள் யாவும் ஆயர் குலத்தார்க்கு மட்டுமே விளங்கும் குறிகள் என்பதை ஆசிரியர் முந்திய காதையிலேயே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். சிலம்பு விற்கப் புறப்பட்ட கோவலனை இமில் ஏறு ஒன்று எதிர்த்து வந்தபோது, அது தீநிமித்தம் என்பதை அவன் அறியவில்லை. தன் குலத்தார் அறியும் செய்தி அன்று ஆதலின் அறியவில்லை என்று காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. வணிகன் அறியாத மொழியில் ஏறு பேசிற்று. அம்மொழி தெரிந்த முதுமகளிடம், சிறிது நேரத்திற்குள், மந்தை முழுவதும் பேசுகிறது. குல அறிவால் உணரப்பட்ட தீமைக்குக் குலத்தின் சாந்தியே பரிகாரமாக முடியும். அந்த இடத்தில்தான் குரவை பிறக்கிறது.

மனம் கலங்காதே என்று மாதரி அப்போது தேற்றுவது ஐயையை, கண்ணகியை அன்று. கண்ணகிக்கோ அந்த நேரத்தில் ஆற்ற வேண்டிய துயரம் எதுவும் பிறர்க்குத் தெரிய இல்லை. ஊரிலே நிகழ்ந்ததை ஆயர்பாடியில் ஒருவரும் அறியார். பின்னர் துன்ப மாலையிலேதான் காதலனைக் காணாத கலக்கத்தை அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். ஆகவே விருந்தினளின் துயரை ஆற்ற எடுத்த ஆட்டம் என்பது பின்னே நடந்ததை முன்னே கொண்டுபோய் வைத்துப் படிப்பதாகும். மேலும், குரவை நிகழும் பகுதி முழுவதிலும் கண்ணகியின் முகக்குறிப்பு ஒன்றையேனும் ஆசிரியர் காட்டவில்லை. இவ்வாறு காட்டும் வகை அறியாதவர் அல்லர் அவர். வேட்டுவ வரியிலே சாலினி தன்னைப் புகழக் கேட்டுக் கணவனின் முதுகுப்புறம் ஒடுங்கிப் புதிதாகப் புன்முறுவல் பூத்து நின்ற கண்ணகியை எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார்! ஆடல் அவள் பொருட்டே என்றால், அவள் முகத்தைக் காட்டாது விட்டிருப்பாரா?

மாதரியின் வாக்கியத்துக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன: யார் காண ஆடுவது, எதனை ஆடுவது, எதன் பொருட்டு ஆடுவது. கறவையும் கன்றும் துயர் நீங்குக என்பதே மூன்றாவது செய்தி. முன்னையோர் முதற் செய்தியை எடுத்துக்கொண்டு அதனையே நோக்கமாக்கினர். ஆனால் காதையின் முடிவைப் பாருங்கள்: நாங்கள் கோத்த குரவையுள் ஏத்திய தெய்வம் எம் ஆனினத்துக்கு உற்ற துயரைத் தீர்ப்பதாக என்ற வேண்டுகோளும், தென்னவன் முரசம் நாள்தோறும் வெற்றியை விளைப்பதாக என்ற வாழ்த்தும் அங்கே வருகின்றன. முரசொலியில் தொடங்கி முரசில் முடிவது. மந்தையின் துயரத்தில் எடுத்து மந்தையின் துயர் நீக்கத்தில் வைப்பது. சங்கற்பமும் பிரார்த்தனையும் இருபுறமும் எல்லை கட்டி நிற்க, நடுவே நிகழ்வதை வெறும் பொழுதுபோக்கு என்பது எனக்கு ஒப்பவில்லை.

நடுவே நிகழ்வதுதான் இன்னும் விசேஷமானது. தொழுவிலே தமக்கென ஓர் ஏறு குறித்து வளர்த்த இளம்பெண்கள் எழுவரை மாதரி பழைய முறைப்படி நிறுத்தி, மேற்குத் திசை முதலாக இடமுறையாகக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களை இடுகிறாள். பிறகு குரலை மாயவன் என்கிறாள். இளியை அவன் தமையனாகிய பலதேவன் என்கிறாள். துத்தத்தைப் பின்னை என்கிறாள். மாயவனைச் சேர்ந்து பின்னையும் தாரமும், வெள்ளை எனப்படும் பலதேவனைச் சேர்ந்து உழையும் விளரியும் நிற்கின்றனர் என்ற வருணனை ஏழு சுரங்களும் வட்டமாக நிற்கும் வரிசையோடு சிறிதும் பிறழாமல் பொருந்துகிறது. ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947-ல் வெளியிட்ட யாழ் நூலிலும் பழந்தமிழிசை ஆராயப்பட்ட காலந்தொட்டு, இசை வல்லார் இப்பகுதியைப் பண்டைப் பாலைகளை அறிவதற்குரிய ஒரு வாய்பாடாகவே நோக்கி வந்தனர். இலக்கியம் வல்லாரோ இதனை இசைக்காரரிடம் விட்டுவிட்டு அடுத்து வரும் பாடல்களின் நயத்துக்குப் போய்விட்டனர். இவ்விரு சாராருக்கும் இடையிலே ஒரு கேள்வி அநாதையாய் நின்றுவிட்டது: தெய்வப் பெயர்கள் மூன்றும் அந்த மூன்று சுரங்களுக்கு மட்டும் ஏன் வந்தன?

எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. குரலிலிருந்து ஐந்தாவது நிற்பது இளி. இளியிலிருந்து வட்டத்தில் மேலும் ஐந்தாவதாக எண்ணினால் வருவது துத்தம். மாயவன், தமையன், பின்னை என்ற மூவரும் ஒன்றிலிருந்து ஒன்று கிளையாகப் பிறக்கும் இசை முறைப்படி அடுத்தடுத்து நிற்பவர்கள். துத்தத்துக்கு ஐந்தாவது விளரி. பாட்டெடுக்கும்போது குரல் மந்தமாகவும் இளி சமனாகவும் துத்தம் வலிவாகவும் ஒலிக்க, அவற்றை அடுத்து விளரி பிடிக்கப்படுவதும் இதே முறைதான். ஆகவே பெயர் சூட்டியது மாதரியின் மனம்போன போக்கில் அன்று. ஒரு சுரமாக நிற்பவள் அச்சுரத்தின் உறவினாலேயே தெய்வமாகிறாள். அவ்வாறு மாயவனான பெண்ணின் மேல் துழாய் மாலை சூட்டப்படுகிறது. அதன் பின்னரே குரவை தொடங்குகிறது. நண்டு வடிவில் விரல் கோத்து மண்டலமிட்டு நின்றவர் மாயவனை முன்னிலையாகவும் படர்க்கையாகவும் பரவுகின்றனர். வேட்டுவ வரியிலே எயினர் குமரிக்குச் சடையிலே பாம்பு கட்டி, பன்றிக் கொம்பைப் பிறையாக்கி, புலிப்பல் தாலி பூட்டி, புலித்தோல் மேகலை உடுத்தி, கலையின் மேல் ஏற்றிக் கொற்றவையாக வணங்கினர். ஆயர்பாடியில் தோலும் இல்லை, பல்லும் இல்லை. ஓர் இசைப்பெயரும் ஒரு துழாய் மாலையும் போதுமாயின. இரண்டிலும் செய்கை ஒன்றே: மானிடப் பெண்ணைத் தெய்வமாக நிறுத்தல். ஒன்று ஆவேசத்தின் வழி. மற்றொன்று லயத்தின் வழி. பின்னதிலே தன்னை மறத்தலுக்கு இடமில்லை; ஒருத்தி தன் சுரத்தை மறந்தால் வட்டமே குலைந்துவிடும். விழிப்பே அங்கு விரதம். பால் தோயாமலும் வெண்ணெய் உருகாமலும் இயற்கை தன் முறையை விட்டுவிட்ட நேரத்தில், முறையையே உருவமாகக் கொண்ட ஓர் ஆடலை அந்த முதுமகள் தேர்ந்தெடுத்தாள் என்பதை என்னால் தற்செயல் என்று கொள்ள முடியவில்லை. இவ்விறுதிக் கருத்து அநுமானமே. முன்னே சொன்ன அமைப்போ நூலில் உள்ளது.

நாடகம் என்று மாதரியே சொன்னாளே என்பதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் 1912 முதல் வெளியிட்ட நாடகங்களுள் பாசனுடையதாக வழங்கும் பாலசரிதத்தில் இடையரும் இடைச்சியரும் ஆடும் ஹல்லீசகம் வருவது கண்டு, குரவை அதன் பிரதி என்றவர் உண்டு. அங்கே பின்னை எங்கே, ஏழிசைப் பெயர் எங்கே என்று கேட்டாலே அந்த வாதம் ஓய்ந்துவிடும். தெய்வத்தின் சரிதத்தை மீண்டும் நடித்துக் காட்டுவது வழிபாடு ஆகாது என்ற எண்ணத்துக்கோ இந்நாட்டுக் கோயில் திருவிழாக்கள் யாவும் மறுப்பு. நூலுக்குள்ளேயே அரங்கக் கூத்து எத்தகையது என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. ஏழாண்டு பயின்று பன்னீராட்டைப் பருவத்தில் அரங்கேறி, தலைக்கோல் பெற்று, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை பெற்ற மாதவியும் கடலாடு காதையில் மாயவன் ஆடிய அல்லியமும் குடக்கூத்தும் ஆடுகிறாள். அவள் ஆட்டத்துக்கு ஆசான் உண்டு, அரங்கு உண்டு, அரசன் உண்டு. எருமன்றத்துக் குரவைக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இனி வரந்தரு காதைக்கு வருவோம். பற்றின் வழியே பிறவி அமையும் என்பது அங்கே மாடலன் கூறும் பொதுவிதி. ஆகவே மாதரியின் மறுபிறப்புக்கும் அன்பே காரணம், குரவை வெறும் அடையாளம் என்று ஒருவர் வாதிக்கலாம். இத்தடை கனமானது, எனினும் மூவரின் பிறப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை தோன்றும். கண்ணகியின் தாயும் கோவலன் தாயும் அன்பு ஒன்றினாலேயே வந்தவர்கள். அவ்விருவரும் அரட்டன் செட்டியின் மனையில் ஒரு வயிற்று இரட்டையராகப் பிறந்தனர். அன்பு மட்டுமே மாதரிக்கும் காரணமாயின், அவளும் அவர்களோடு ஒப்பவே வணிகன் மனையிற் பிறந்திருக்கலாம். அவளை மட்டும் தனியே பிரித்துத் திருமாலின் தொண்டன் வீட்டில் பிறப்பித்து, அப்பிரிவுக்குக் காரணமாகக் குரவையை மட்டும் நூல் சுட்டுகிறது. சேரநாட்டுக்கு, கண்ணகி கோட்டத்துக்கு, அவளைக் கொண்டு வந்தது அன்பு. அரவணையான் அடியாரின் குடிக்கு உரியவளாக்கியது ஆடல். மாயவனைப் பாடி மாலை சூட்டி ஆடியவளுக்கு மாயவன் தொண்டிலேயே பிறவி வாய்த்தது. வினோதத்துக்கு இத்தகைய பலனை இந்நூல் வேறெங்கும் கூறவில்லை.

அதே குறிப்பு, கண்ணகி காண என்ற தொடருக்கும் உரிய மதிப்பை மீட்டுத் தருகிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. குரவை கண்ணகிமேல் வைத்த காதலினால் ஆடப்பட்டது என்றே மாடலன் சொல்கிறான். கவுந்தி அடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது மாதரியிடம். வரப்போவது இன்னதென்று அவள் அறியாள். மந்தைக்கு வரும் கேடும் மனையிலிருக்கும் அடைக்கலத்துக்கு வரும் கேடும் அவள் உள்ளத்தில் வெவ்வேறாகப் பிரிந்திருக்க நியாயம் இல்லை. எனவே காண்பது என்பது இங்கே வேடிக்கை பார்ப்பது அன்று; சாந்தி நிகழும் இடத்தில் உடனிருந்து அதன் காப்பைப் பெறுவது. குரவை முடிந்தபின் மாதரி செய்வதும் இதை உறுதிப்படுத்துகிறது: பூவும் புகையும் சாந்தும் கண்ணியும் கொண்டு நெடுமாலின் அடி ஏத்தி நீராட வையைத் துறைக்குப் போகிறாள். ஆடலுக்குப் பின் தீர்த்தமும் ஆராதனையும் வருவதால், அம்மூன்றும் ஒரே அனுஷ்டானத்தின் அங்கங்கள் என்பது தெளிவு.

கோவலன் முன்னமே வெட்டுண்டு போனானே, பாண்டியன் முரசும் விரைவில் அடங்கிற்றே, பலிக்காத சாந்தியைச் சாந்தி என்பது எப்படி என்று கேட்போர்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலித்தது எது, பலியாதது எது என்பது கவி தம் கதைக்கு வைத்த முடிவு. ஆடியவர் என்ன செய்வதாக எண்ணி ஆடினர் என்பதே நம் விஷயம். அகப்பாடல்களில் தலைவியின் நோயைத் தீர்க்காத வெறியாட்டை வழிபாடு அன்று என்று எவரும் சொன்னதில்லை.

இவ்வாறு கொள்ளுமிடத்து வஞ்சிக் காண்டத்துக் குன்றக் குரவையும் வேறு ஒளியில் தோன்றுகிறது. தொண்டகமும் சிறுபறையும் முழங்கக் கொம்பு ஊதிக் குறவர் ஆடும் அக்குரவையில், ஆயர்பாடியிலே காணும்படி அமர்த்தப்பட்டவளே குலதெய்வமாகக் கொள்ளப்படுகிறாள். பாட்டின் பெரும்பகுதியோ முருகனுக்கு உரியதாக நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே ஆடலுக்குள் எவ்வாறு பொருந்தின என்பது தனியே ஆராய்தற்குரியது.