டின் ஓப்பனரும் சிரவையும்

மின்சார டின் ஓப்பனர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1956 டிசம்பரில். கலிஃபோர்னியாவில் வால்டர் ஹெஸ் போடில் என்பவர் தன் மகளோடு சேர்ந்து உருவாக்கியது. யூடிகோ என்ற பெயரில், சரியாகக் கிறிஸ்துமஸ் பரிசுச் சந்தையைப் பார்த்து இறக்கினார்கள். அந்த டிசம்பரில் நம்ம குமரி மாவட்டத்துக்கு வயசு ஒரு மாசம். நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு விடமாட்டேங்குது, அவ்வளவுதான்.

இதைத் தேடப் போனதற்குக் காரணம் துபாயில் இருக்கிற அக்கா. "லே, அம்மைக்கு வெரலு நோவுதுல்லா, ஒரு கரண்டு டின் ஓப்பனர் கொண்டு வாறேன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு" என்றாள். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மிக்சியிலிருந்து மோட்டார் வரை எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அம்மாவுக்குப் பெருவிரல் மூட்டில் தேய்மானம். திருகுகிற வேலை, அமுக்கிப் பிடிக்கிற வேலை எதுவும் முடியாது. ஆகவே கேள்வி விளையாட்டு இல்லை.

டின்னுக்கும் அதைத் திறக்கிற கருவிக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது வருட இடைவெளி இருக்கு. 1810-ல் லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டின்னில் உணவை அடைப்பதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1813 வாக்கில் பிரயன் டாங்கினின் ஆலை கப்பற்படைக்கு இறைச்சி அடைத்துக் கொடுத்தது. திறப்பதற்கு? உளியும் சுத்தியலும். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் வெட்டும் கத்திக்குக் காப்புரிமை எடுத்தது 1858-ல். அது வீட்டில் வைத்துப் புழங்கத் துணிவு வராத மாதிரி ஒரு சாமான். பலசரக்குக் கடைக்காரரே வெட்டிக் கொடுத்துவிடுவாராம். 1870-ல் வில்லியம் லைமன் சக்கரம் வைத்தார். 1925-ல் அந்தச் சக்கரத்தோடு பல் வைத்த இன்னொரு சக்கரமும் சேர்ந்தது. இன்று நாம் பார்க்கிற ஓப்பனர் எல்லாம் அதன் வாரிசு. யூடிகோ செய்தது அந்தச் சக்கரத்துக்கு மோட்டார் மாட்டியது மட்டுந்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உருளை டின்னின் விளிம்பில் தகரம் மடிந்து ஒரு வரம்பு மாதிரி எழும்பி நிற்கும். பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் டின்னைச் சுற்றும். வரம்பு இல்லையென்றால் ஓப்பனர் வெறும் இரும்பு. எங்கள் தொழிலில் இதை இன்டர்ஃபேஸ் என்போம்.

நாஞ்சில் நாட்டுக்கு டின் வராமல் இல்லை. ஆனால் வந்ததில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரம்போடு வேலையே இல்லை. முதலில் மண்ணெண்ணெய் டின், நாலு கேலன் பிடிக்கிற சதுர டின். மேல்பக்கத்தை உளியால் வெட்டி, ஓரத்தை மடக்கி அடித்து, குறுக்கே ஒரு கம்பு வைத்தால் தண்ணீர் கோரலாம். மூடி போட்டால் கருப்பட்டியோ நெல்லோ போட்டு வைக்கலாம். மேற்கே மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் அண்டி ஆபீஸ்களில் இதே அளவு டின்னில்தான் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியானது: ஒரு டின்னுக்கு 25 பவுண்டு, காற்றை வெளியே எடுத்துக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, ஈயம் வைத்து அடைப்பார்கள். அதாவது நம்ம ஊர் டின்னை அடைத்து அனுப்புகிற ஊர். திறக்கிற வேலை கடலுக்கு அந்தப் பக்கம்.

அடுத்தது எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்து வந்த பால்பொடி டின். நிடோ டின் இல்லாத கல்ஃப் வீடு கிடையாது. அதற்குக் கரண்டிக் காம்பு போதும், நெம்பினால் மூடி வந்துவிடும். பொடி தீர்ந்த பிறகு அந்த டின்னில் மிளகாய் வத்தல், புளி, உளுந்து என்று இருபது வருடம் ஓடும். விளிம்பை வெட்டி எடுக்கிற கருவியை அந்த வீட்டில் கொடுத்தால் சண்டைதான் வரும். டின்னைத் திறப்பது என்றால் டின்னைக் கெடுக்காமல் திறப்பது என்றுதான் அர்த்தம்.

வெட்டியே ஆகவேண்டிய டின் ஒன்றே ஒன்று எனக்கு ஞாபகம் வருது: மில்க்மெய்ட். நெஸ்லே 1961-ல் பஞ்சாப் மோகாவில் ஆலை போட்ட பிறகு அது உள்நாட்டுச் சரக்காகவே கிடைத்தது. சேமியாப் பாயசம் வைக்கிற அன்று மட்டும் வீட்டுக்கு வரும். ஆணியை வைத்து வெட்டுகத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டு. ஒரு ஓட்டை பால் வர, எதிர் ஓட்டை காற்றுப் போக. வருடத்தில் நாலைந்து முறை நடக்கிற இந்த வேலைக்கு மோட்டார் யாரும் கேட்கவில்லை.

மோட்டார் தினசரி வேலைக்குத்தான் கேட்டது. யூடிகோவுக்கு முந்தின வருடம், 1955-ல், கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உண்டாக்கினார். அமெரிக்கச் சமையலறையில் தினமும் கையை நோகடித்தது டின். நம்ம சமையலறையில் ஆட்டுக்கல். அவரவர் வலிக்கு அவரவர் மோட்டார். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஆட்டுக்கல் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மி பல வீடுகளில் கல்யாணச் சடங்குக்கு மட்டும்.

ஆனால் சிரவை அசையவில்லை. அவியல், தீயல், புளிக்கறி, மீன்குழம்பு எல்லாவற்றுக்கும் தேங்காய் வேணும். எங்கள் வீட்டில் நாளைக்கு ஒரு தேங்காய் என்பது குறைந்த கணக்கு. அம்மா ஐம்பது வருடமாகத் திருவுகிறாள் என்று வைத்தால் பதினெட்டாயிரம் தேங்காய்க்கு மேல், இரண்டு மூடியாக முப்பத்தாறாயிரம். அந்தப் பெருவிரலைத் தேய்த்தது அக்கா கொண்டுவருகிற டின் இல்லை. அக்கா வந்தால் கடலை, சூரைமீன் டின், தாய்லாந்துத் தேங்காய்ப்பால் டின் (தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற வீட்டுக்கு!) எல்லாமாக ஒரு பத்து வரும். அதிலும் பாதிக்கு மூடியிலேயே இழுக்கிற வளையம் இருக்கு. அமெரிக்காவில் எர்மல் ஃப்ரேஸ் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது அது. மூட்டு வலிக்காரருக்கு அந்த வளையம் இன்னும் மோசம். அதற்கும் பழைய கரண்டிக் காம்பைத்தான் நுழைத்து நெம்ப வேண்டியிருக்கு.

அக்காவுக்கு எழுதிய பதில் இது. ஓப்பனர் வாங்கத்தான் வேண்டும் என்றால் பேட்டரியில் ஓடுவதாக வாங்கு. டின் மேலே வைத்துப் பட்டனை அமுக்கினால் தானே சுற்றி நிற்கும், தூக்கிப் பிடிக்க வேண்டாம். பிளக் வைத்தது என்றால் 230 வோல்ட் என்று போட்டிருக்கா பார். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட்டில் ஓடுவது, இங்கே மாட்டினால் புகைந்துவிடும். மேல்மூடியை உள்பக்கமாக வெட்டாமல் விளிம்பின் பக்கவாட்டில் வெட்டுகிற வகை என்றால் ஓரம் கையைக் கீறாது. வெட்டுகிற சக்கரத்தைக் கழற்றிக் கழுவ முடியணும். உப்பிய டின்னை எந்தக் கருவியாலும் திறக்காதே, தூரப் போடு.

அந்தப் பணத்தில் கிரைண்டரோடு மாட்டுகிற தேங்காய்த் துருவி வாங்கலாமே என்றும் எழுதினேன். அம்மாவிடம் ஒன்றைக் காட்டினோம். மூடியை உருளும் முள்ளுக்கு நேராக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கு, அதற்கும் அதே பெருவிரல்தான். போதாததற்கு ஓட்டோடு ஒட்டின கறுப்புத் தொலியும் சேர்ந்து வருது. "இதுல பால் புழிஞ்சா சொதி அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கும்" என்றாள். இப்போதைக்கு ராத்திரி தேங்காயை நான் திருவி ஃபிரிட்ஜில் வைக்கிறேன்.