பழைய சங்கிலி ரம்பங்கள்: சேகரிப்பு, சீரமைப்பு, மதிப்பீடு

சங்கிலி ரம்பம் என்பது பற்கள் கோத்த சங்கிலியைத் தட்டையான எஃகுப் பட்டையின் விளிம்பில் ஓடவிட்டு மரம் அறுக்கும் பொறி. மரம் வெட்டும் தொழிலில் ‘செயின் சா’, ‘மரம் அறுக்கிற மெஷின்’ என்று வழங்கும். 1920களிலிருந்து ஏறத்தாழ 1980 வரை வெளிவந்த பொறிகளைத் தேடி வாங்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து பாதுகாப்பது அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு.

வரலாறு

இச்சங்கிலி மரத்துக்கு முன் எலும்பை அறுத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர், மகப்பேற்றுச் சிக்கலில் இடுப்பெலும்பு இணைப்பைப் பிரிக்கவும் பழுதுற்ற எலும்பை நீக்கவும் நுண்பற்கள் கொண்ட கைச்சங்கிலியைக் கையாண்டனர். இரு முனைகளிலும் பிடி இருக்கும். முன்னும் பின்னும் இழுத்து அறுக்க வேண்டும். 1830இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைன ‘ஆஸ்டியோட்டோம்’ என்னும் கருவியைச் செய்தார். பிடியைச் சுழற்றினால் பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடும். இன்றைய ரம்பத்தின் உருவம் அதிலேயே அமைந்துவிட்டது.

காட்டு வேலைக்கு இதைக் கொண்டுவரும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகின. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ், ராட்சத செம்மரங்களை (ரெட்வுட்) வீழ்த்துவதற்கான முடிவிலாச் சங்கிலி ரம்பத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். தொழிலாக இதை நிலைநிறுத்தியவர் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் (1896–1973). ஸ்டுட்கார்ட்டில் 1926இல் நிறுவனம் தொடங்கி, இருவர் பிடித்து இயக்கும் மின்சார ரம்பத்தை வெளியிட்டார். மின்கம்பி எட்டாத காட்டுக்காக 1929இல் பெட்ரோல் பொறி வந்தது: 6 குதிரைத்திறன், 46 கிலோ. இதனிடையே 1927இல் எமில் லெர்ப் தம் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியாவின் டோல்மார் மலையில் சோதித்து, அம்மலையின் பெயரையே நிறுவனத்துக்கும் சூட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் டிஸ்டன் நிறுவனம் மெர்க்குரி எஞ்சின் பூட்டிய இருவர் ரம்பங்களைச் செய்தது.

அக்காலச் சங்கிலிகளின் பற்கள் மரத்தைக் கீறிச் சுரண்டின. ஆகவே விரைவில் மழுங்கின. அரம் போடவே பொழுது போயிற்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946இல் ஒரு மரக்கட்டையை வண்டுப்புழு குடைவதைக் கூர்ந்து கவனித்தார். அதன் தாடைகள் இழைக்கு நேராகவும் குறுக்காகவும் இடவலமாக மாறிமாறிக் கடித்தன. அதே போக்கில் இடவலமாக வளைந்த பற்களை அமைத்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றுள்ள சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

அதன் பின் போட்டி எடையில் மூண்டது. 1949இல் அமெரிக்காவின் மெக்கல்லக் 3-25, ஏறத்தாழ 11 கிலோவில் ஓர் ஆள் தூக்கும் பொறியாக வந்தது. 1950இல் ஸ்டில் தன் ஒருவர் பொறியான ‘பிஎல்’ மாதிரியை வெளியிட்டது. 1959இல் பல்சக்கரப் பெட்டி இல்லாத 12 கிலோ ‘கான்ட்ரா’ வந்தது. 1689இல் துப்பாக்கி ஆலையாகத் தொடங்கிய சுவீடனின் ஹுஸ்க்வர்னா, அதே 1959இல் தன் முதல் ரம்பமான ‘90’ மாதிரியுடன் களமிறங்கியது. மெக்கல்லக் நிறுவனர் ராபர்ட் மெக்கல்லக் 1968இல் இலண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு வாங்கிக் கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனாவுக்குக் கொண்டுபோனவர். அவருடைய நிறுவனம் 1999இல் நொடித்தது.

வகைப்பாடு

சேகரிப்போர் பொறிகளை நான்கு தலைமுறைகளாகப் பிரிப்பர். முதலாவது, இருவர் ரம்பம். இரண்டாவது, பல்சக்கரமும் மிதவை கார்புரேட்டரும் கொண்ட ஒருவர் ரம்பம். இதைச் சாய்த்தால் பெட்ரோல் ஓட்டம் தடைப்படும் என்பதால் பட்டையை மட்டும் திருப்பிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். மூன்றாவது, டயாப்ரம் கார்புரேட்டர் பொருத்தி எப்பக்கம் சாய்த்தாலும் ஓடும் நேரடிச் சுழற்சிப் பொறி. நான்காவது, அதிர்வுத் தடுப்பும் சங்கிலி பிரேக்கும் சேர்ந்தது. கடைசி வகையைப் பலர் பழம்பொறியாகக் கருதுவதில்லை.

சீரமைப்பு

வாங்குமுன் செய்யும் சோதனை எளியது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்துப் பொறியைத் தொங்கவிட வேண்டும். தயங்கித் தயங்கி மெல்ல இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. சரசரவென இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம். அடுத்து, சைலென்சரைக் கழற்றிப் புகைவாய் வழியே பிஸ்டனைப் பார்ப்பர். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடிய பொறி என்று கொள்ளலாம்.

பின் பிளாட்டின பாயின்ட்டுகளைத் தேய்த்து இடைவெளி சரிசெய்தல், கல்லாய் இறுகிய டயாப்ரத்தையும் பெட்ரோல் குழாயையும் மாற்றுதல், கிராங்க் சீல்களைப் புதுப்பித்தல் ஆகியவை வரிசையாக நடக்கும். சீல் கசிந்தால் காற்று மிகுந்து, சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும். உடல் பெரும்பாலும் மெக்னீசிய வார்ப்பு. ஈரம் பட்டால் வெண்பொடி பூத்து அரிக்கும். அரை அங்குல, 7/16 அங்குலச் சங்கிலிகள் கிடைப்பது அரிது.

உடலுக்குப் புது வண்ணம் அடிப்பது பொறியின் மதிப்பைக் கெடுக்கும். மெக்கல்லக்கின் மஞ்சளோ ஜான்செரெட் நிறுவனத்தின் சிவப்போ உராய்ந்து போயிருந்தாலும் ஆலைப் பூச்சே மேல்.

மதிப்பீடு

வயது முதிர்ந்ததெல்லாம் விலை போவதில்லை. லட்சக்கணக்கில் விற்ற சிறு வீட்டு ரம்பங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். இருவர் ரம்பங்கள் அரியவை. ஆனால் தூக்கிவைக்க இடமும் ஓட்ட ஆளும் வேண்டும். இன்றும் வேலைக்கு உதவும் பெரிய பொறிகளே தேடப்படுகின்றன: 137 சிசி ஸ்டில் 090, 123 சிசி மெக்கல்லக் சூப்பர் 125 போன்றவை. மெக்கல்லக் எஞ்சின்கள் 1950களின் இறுதியில் கோ-கார்ட் பந்தய வண்டிகளிலும் ஏறியதால், அவ்வண்டிகளைச் சேகரிப்போரும் உதிரிபாகங்களுக்குப் போட்டியிடுகின்றனர். ஸ்டில் 070, 090 மாதிரிகளின் போலிகள் புழங்குவதால் வார்ப்பின் நேர்த்தி, வரிசை எண், பெயர்த்தகடு ஆகியவற்றைச் சரிபார்ப்பது கட்டாயம். பிரேக் இல்லாத பழம்பொறி பின்னோக்கித் துள்ளினால் தடுக்க எதுவுமில்லை. ஆகவே ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

சட்டமும் இன்றைய நிலையும்

பிலிப்பைன்ஸ் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ரம்பம் வைத்திருக்கவே அரசுப் பதிவு வேண்டும். இந்தியாவில் கட்டுப்பாடு பெரும்பாலும் மரத்தின் மீதே: திருப்பதி மாவட்டத்தில் சேஷாசலம் காட்டுச் செம்மரம் கடுமையான காவலில் உள்ளது, சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பதால் அங்கே திருட்டு வெட்டுக்குக் கோடாலியே புழங்குகிறது. தமிழகத்தில் 2016 வர்தா, 2018 கஜா புயல்களில் சாய்ந்த மரங்களை அகற்றச் சங்கிலி ரம்பங்கள் பெருமளவில் பயன்பட்டன. பழுதானவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.