கேட்கப்படாத கேள்வி

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள். அமெரிக்காவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், ஓவியர் ஒருவர் தம் உருவைத் தீட்ட அமர்ந்திருந்த குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்தலையில் கடும்வலி என்று கூறிச் சாய்ந்தார். மூளையில் குருதி கசிந்து அன்றே மறைந்தார். வயது 63. அவ்வேளையில் அவரது இரத்த அழுத்தம் 300/190.

இதற்கு ஓராண்டு முன்பே, 1944 மார்ச்சில், இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன் அதனை 186/108 எனக் கண்டார், இதயமும் தளர்ந்திருந்தது. உப்பைக் குறைத்தார், டிஜிட்டாலிஸ் கொடுத்தார். அழுத்தத்தைத் தணிக்கத் தக்க மருந்து அந்நாளில் இல்லை. ஆயினும், இத்தனை சோதனைகளும் எதற்கு என்று ரூஸ்வெல்ட் ஒருமுறையேனும் வினவவில்லை. இதனைப் புரூனே 1970இல் எழுதினார். தலைவர் நலமாயிருக்கிறார் என்றே நாட்டு மக்களுக்கும் சொல்லப்பட்டது.

1948இல் ஃபிராமிங்ஹாம் என்னும் அமெரிக்க நகரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி தொடங்கிற்று. உயர் அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிகோலுவதை அது தெளிவாக்கியது.

மாணவச் செல்வங்களே! இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் வலி தராத நோய்க்கு நாள்தோறும் மருந்துண்ண, அதனால் விளையும் கேட்டை நோயாளி அறிந்திருத்தல் வேண்டும். ரூஸ்வெல்ட் கேளாத கேள்வியை, உங்கள் வீட்டு முதியோர்க்காக நீங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.