நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கள்ளின் தரம் காணல்

தெற்கே பாறசாலை முதல் வடகிழக்கே காட்டாக்கடை வரை பரந்திருந்த பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகா, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லை வட்டாரமாகும். பனையும் தென்னையும் அடுத்தடுத்து வளரும் இந்நிலத்தில், நாடார், ஈழவர் சமூகங்களைச் சேர்ந்த பலர் மரமேறுதலைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். இறக்கிய கள்ளின் தரத்தை எதைக் கொண்டு அறுதியிடுவது என்ற கேள்விக்கு மரமேறியின் நாவும் அரசின் அளவுகோலும் தந்த விடைகள் ஒன்றாக இருந்ததில்லை.

பனையேறி, கடிப்பு எனப்படும் இடுக்கியால் பாளையை நெருக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் சீவிக் கலயம் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் சாறு புளிக்காமல் அக்கானியாக, அதாவது பதநீராக இறங்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்குவதால், மரத்திலிருக்கும்போதே அது கள்ளாகிவிடும். அதன்பின் புளிப்பூட்டும் பாக்டீரியாக்கள் ஓங்கி, ஓரிரு நாளில் அதைக் காடியாக்கிவிடும். எனவே இனிப்பு மாறாத இளங்கள், மாலையில் இறக்கும் அந்திக்கள், புளிப்பேறிய மூத்த கள் என்னும் பகுப்புகள் யாவும் வேளையைக் குறித்தே எழுந்தவை. நுரையின் அடர்த்தி, வெண்மை, மணம், நாவில் படும் புளிப்பு ஆகியன அவ்வேளையைக் காட்டும் அடையாளங்கள்.

நாவுக்கும் அளவுகோலுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டுக்கு இங்கிலாந்தின் பழுப்பு ஏல் என்னும் பார்லி மதுவின் வரலாறு நல்ல ஒப்பீடாகும். முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் கருக உலர்த்திய பழுப்பு மால்ட்டே அதன் பழைய மூலப்பொருள். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர், மால்ட் ஊறலின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியின் பயன்பாட்டை விளக்கி நூல் வெளியிட்டார். வெளிறிய மால்ட்டே மிகுதியான சத்தைத் தரும் என்பதை அத்தகைய அளவீடுகள் காட்டியதால், மதுவடிப்போர் படிப்படியாகப் பழுப்பு மால்ட்டைக் குறைத்தனர். நியூகாசில் பிரவுன் ஏல் 1927இல் வெளிவந்தபோது, பழுப்பு ஏல் என்பது புது வடிவம் பெற்ற மதுவாக இருந்தது. நிறம், கொட்டைப்பருப்பை ஒத்த மணம், மென்மையான இனிப்பு, அடங்கிய கசப்பு ஆகியவற்றால் அது இன்றும் மதிப்பிடப்படுகிறது. அடைத்துவைத்த ஏலைப் பலர் பல நாட்களில் சுவைத்து ஒப்பிடலாம். கள்ளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அரசின் நோக்கமோ வரியையும் சாராயச் சத்தின் அளவையும் சுற்றியே அமைந்தது. கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல், கொச்சி அரசு இயற்றிய அப்காரிச் சட்டம், அதாவது மதுத் தீர்வைச் சட்டம், 1967இல் கேரளம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதன்கீழ் வந்த விதிகளில், கள்ளின் சாராயச் சத்துக்குக் கனஅளவில் 8.1 விழுக்காடு என்ற உச்சவரம்பு இடம்பெற்றது. வரம்பு மீறினால் வெளிச்சாராயம் கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழும். நீர் கலந்த கள்ளோ அச்சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

1956 நவம்பர் 1 அன்று அண்டையிலிருந்த கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1987இல் தமிழ்நாடு கள்ளைத் தடைசெய்தபின், களியக்காவிளை எல்லைக்கு ஒருபுறம் கள் உரிமம் பெற்ற பானமாகவும் மறுபுறம் குற்றப்பொருளாகவும் ஆயிற்று. தமிழ்நாட்டுப் பகுதியில் கலயத்துச் சுண்ணாம்பு, சுவையின் எல்லையாக மட்டுமன்றிச் சட்டத்தின் எல்லையாகவும் மாறியது.

ஆவணங்களில் பதிவானவை பெரும்பாலும் மரவரியும் குத்தகையும் விழுக்காடுமே. வேளையறிந்து சுவை பிரித்த அறிவு வாய்மொழியாகவே வழங்கியது. ஆதலால் அரசுக் கோப்புகளை மட்டும் நம்பி எழுதப்படும் கள்ளின் வரலாறு, வரியின் வரலாறாகவே முடியும்.