ஸ்ரீபெரும்புதூர் கிணறும் தாடையில்லாத மீனும்

ஸ்ரீபெரும்புதூர்னா இப்போ கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும்தான் ஞாபகத்துக்கு வரும். புவியியல்காரர்களுக்கு அது ஒரு பாறைப் படிவின் பெயர். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபுட், அவர்தான் இந்தப் பகுதியின் நிலவியலையும் எழுதி 1873-ல் வெளியிட்டார். இங்கே கிணற்று வெட்டிலும் ஓடைக்கரையிலும் தெரியும் களிப்பாறையில் டைலோபில்லம் என்ற செடியின் இலைத்தடங்களும் அம்மோனைட் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. வயசு ஏறக்குறைய 12, 13 கோடி ஆண்டு.

நான் தேடினது வேற. மீன்களுக்குத் தாடை வருவதற்கு முன்னாடி இருந்த மீன், நம்ம ஊர்ப் பாறையில் கிடைக்குமா?

கிடைக்காது. ஏன்னு பார்க்கலாம்.

பல்லாவரம் மலையின் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டு பழசு. (1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை.) அந்த மாதிரி அடிப்பாறைக்கு மேலேதான் ஸ்ரீபெரும்புதூர் படிவு உட்கார்ந்திருக்கு. பாலாற்றுப் படுகையில் பெர்மியன் படிவும் உண்டு. அதுவும் 30 கோடிக்கு இந்தப் பக்கம்தான். நடுவில் 200 கோடி ஆண்டுக்கு மேல் பக்கமே இல்லை.

தாடையில்லா மீன்களின் பெரிய காலம் முழுக்க அந்தக் காணாமல்போன பக்கங்களில் விழுகிறது. சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்து 1999-ல் அறிவிக்கப்பட்ட ஹைகோவிக்திஸ் சுமார் 52 கோடி ஆண்டுக்கு முந்தையது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். பிறகு தலையில் எலும்புக் கவசம் போட்ட மீன்கள் வந்தன. தாடை வந்த மீன்கள் பெருகிய டெவோனியன் முடிவில், சுமார் 36 கோடி ஆண்டுக்கு முன், கவசக்காரர்கள் அழிந்துபோனார்கள். லாம்ப்ரே, ஹேக் மீன் என இரண்டு கிளைதான் இன்னைக்கு மிச்சம்.

அப்போ இந்தியாவில் எதுவுமே இல்லையா? இருக்கு, ஆனா மீனாகக் கிடைக்கலை, பல்லாகக் கிடைச்சது. 1856-ல் பாண்டர் என்பவர் மணல் அளவு 'பற்களை' விவரித்து, மீனுடையது என்றார். கொனோடோன்ட் என்று பெயர். உடம்பு எப்படி இருக்கும் என்று 120 ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது. எடின்பரோவில், எப்போதோ சேகரித்து வைத்த ஒரு கல்லில் விலாங்கு போன்ற 4 சென்டிமீட்டர் உடல் கண்ணில் பட்டது. 1983-ல் கட்டுரை வந்தது. தாடையில்லா முதுகெலும்பி என்றே இப்போது பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

ஸ்ரீநகர் அருகே குர்யுல் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறையில் இந்தப் பற்கள் கிடைக்கின்றன. சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவைக் குறிக்கும் உலக அளவுகோல் இடத்துக்கு அதுவும் போட்டியிட்டது. 2001-ல் சீனாவின் மெய்ஷான் தேர்வானது. எல்லையைக் குறிப்பதும் ஒரு கொனோடோன்ட் இனம்தான். குர்யுலைக் கல்குவாரி நெருக்கியதால் பாதுகாக்கச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது.

இங்கேயும் அதே கவலைதான். ஃபுட் காலத்துக் கிணறுகள் தூர்ந்தாச்சுன்னா இந்தப் படிவைக் கண்ணால் பார்க்க வழி குறையும். ஒரகடம் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது மெல்லிசாப் பிளக்கும் வெளிர்நிறக் களிப்பாறை வந்தால், லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒரு துண்டைப் பிளந்து பாருங்க. மீன் இருக்காது. இலை இருக்கலாம்.